கச்சாத் தையல்

வலிக்கு ஒழுங்கு கிடையாது. நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும், வேலையில் மூழ்கிவிட்டால் மறந்தும் போகும். ஆனால் அவளுடைய இடது சுண்டுவிரலில் வந்த குறுகுறுப்புக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு குத்து, கொஞ்சம் இடைவெளி, அடுத்த குத்து, மறுபடி அதே அளவு இடைவெளி. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதை முதலில் கவனித்தாள். பிரஷ்ஷை வாயில் கடித்துக்கொண்டு விரலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் தன்பாட்டுக்கு இருந்தது. குத்து மட்டும் விரலின் ஓரமாக, எந்த அவசரமும் இல்லாமல், மணிக்கட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அவள் கோட் தைப்பவள். அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் கோட்டக்காதான். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவளுடைய வீட்டுக்காரரே ஒரு நொடி யோசிப்பார். ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு வெட்டுமேசை, ஆவி விடும் இஸ்திரிப்பெட்டி, எப்போதும் அடிக்கும் ஈரக் கம்பளி வாசம். அதுதான் அவள் ராஜ்ஜியம். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். தோள் இறக்கமாக இருக்கும் ஆளிடம் "உங்களுக்குத் தோள் கொஞ்சம் இறக்கம் சார், நான் சரி பண்ணிடறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லுகிற வாய். அந்த வாய்க்குப் பின்னால் இரண்டு கைகள் இருந்தன. கை போனால் வாயும் போச்சு, கடையும் போச்சு, அவளும் போனாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ராத்திரி முழுக்கக் கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துத் தூங்கினா அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுபவர். உடம்பில் எது வந்தாலும் தூக்கத்தின் மேல் பழிபோடுவது அவர் வழக்கம்.

"நான் கையைப் பத்திச் சொல்றேன், நீங்க தலையணையைப் பத்திப் பேசறீங்க."

குத்து மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்பக்கமாக ஏறியது. அது கடந்துபோன இடமெல்லாம் மரத்துப்போனது. ஒரு மத்தியானம் கடைக்குள் ஏதோ கருகும் வாசம் வந்தது. துணி கருகினால் வரும் வாசம் அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. மேசையடியில் தேடினாள், மின்சாரப் பிளக்கை முகர்ந்து பார்த்தாள், கடைசியில்தான் தன் இடது கை இஸ்திரிப்பெட்டியின் ஓரத்தில் சாய்ந்திருப்பதைக் கண்டாள். கருகிக்கொண்டிருந்தது அவள்தான். துளி வலி இல்லை.

அன்றே நரம்பு டாக்டரிடம் போனாள். அமைதியான மனிதர். சுத்தியலால் முட்டியைத் தட்டினார், கண்ணை மூடச் சொல்லி விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், ரத்தம் எடுக்க எழுதினார், தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எழுதினார்.

"எப்படி இருக்கு? ஊசி குத்தற மாதிரியா?"

"மாதிரி எல்லாம் இல்ல டாக்டர். ஊசிதான் குத்துது."

அவர் லேசாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு சின்ன அறை. ஏசி குளிர், ஸ்பிரிட் வாசம், மூலையில் ஒரு டியூப்லைட் விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. சோதனை செய்யும் பெண் அவள் கையில் ஒயர்களை ஒட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கை முடிந்தது. இடது கைக்கு மாற்றினாள். திரையில் ஒரு மேடு எழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு மேடு. அதே இடைவெளியில் இன்னொன்று.

"வலிக்குதா அக்கா?"

"வலிக்கல. குத்துது."

அந்தப் பெண் தன் கையிலிருந்த கருவியைக் குனிந்து பார்த்தாள். "நான் இன்னும் கரண்டே வைக்கலையே" என்றாள், பாதி தனக்குள்ளேயே. பிறகு மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். இரண்டாவது முறை திரை சமர்த்தாக இருந்தது. "மெஷின் கோளாறு அக்கா, அடிக்கடி இப்படிப் பண்ணும்." ஆனால் ஒயர்களைக் கழற்றும்போது அவள் விரல்கள் கோட்டக்காவின் தோலில் படாமல் பார்த்துக்கொண்டன.

எல்லாம் நார்மல் என்று வந்தது. ரத்தம் நார்மல், ஸ்கேன் நார்மல், நரம்பு நார்மல்.

"வேலை அதிகமா? மனசுல ஏதாவது பாரம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். கேட்டது அக்கறையோடுதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"எனக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடுங்க டாக்டர், வாங்கிக்கறேன். ஒண்ணும் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க. இருக்கு."

வீட்டுக்காரர் அவளுடைய இடது முழங்கையைப் பிடித்து மெல்ல எழுப்பி வெளியே கூட்டி வந்தார். படியிறங்கும்போது அவர் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அது என்னவென்று அவளுக்குப் புரிந்தது ஒரு சாயங்காலம், கடையில். ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். துண்டுகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்க வெள்ளை நூலால் பெரிது பெரிதாகத் தையல் போடுவார்கள், அதற்குக் கச்சா என்று பேர். அவள் ஊசி துணிக்குள் இறங்கியது. அவள் தோளில் ஒரு குத்து. ஊசி வெளியே வந்து, நூல் இழுபட்டு, மறுபடி இறங்கியது. தோளில் மறுபடி ஒரு குத்து. அதே இடைவெளி. அதே கை அழுத்தம்.

ஊசியை நிறுத்தினாள்.

தோளில் நிற்கவில்லை.

எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, குத்து வந்த வழியை வலது கையால் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரம், முன்கையின் உட்பக்கம், அக்குள். அங்கிருந்து தோளைச் சுற்றி ஒரு வளைவு. கோட்டில் கை ஏற்றும் அதே வளைவு, நூல் பிசகாமல். இப்போது அது கழுத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது நடுமுதுகு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபக்கமும் சேரும் இடம் அது.

அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் அதற்கு மேலே, பயத்தை முந்திக்கொண்டு, கோபம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் யார் மேல் கை வைக்கிறார்கள்?

வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு வேற டாக்டரைப் பார்ப்போம்மா" என்றார். அவர் குரல் நடுங்கியதைக் கேட்டதும் அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. நம்பவில்லை மனுஷன். நம்பாமலேயே பயப்படுகிறார்.

"நீங்க பாருங்க டாக்டரை. நான் தைக்கறவ. பிரிக்கவும் தெரியும்."

மறுநாள் மழை. கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பகலிலேயே இருட்டிக் கிடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விளக்கைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தாள். குத்து நின்றுபோயிருந்தது. காலையிலிருந்தே இல்லை. இடது கை தோளிலிருந்து தொங்கியது, ஆணியில் மாட்டியதுபோல. பின்கழுத்தில் முடி முடிகிற இடத்தில் வலது கையால் தடவினாள். எலும்பு, சதை, எலும்பு. பிறகு, தோலுக்குச் சற்று அடியில், கடுகளவு ஒரு உருண்டை.

முடிச்சு.

தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். முடிச்சுக்குக் கீழே நுனியை நுழைத்து நெம்பினாள். ஒரு சொட்டு ரத்தம் முதுகில் வழிந்தது. நகத்தால் பற்றி இழுத்தாள். நூல் வந்தது. வெள்ளை நூல், உலர்ந்து, சுத்தமாக, ஒரு துளி ரத்தம் ஒட்டாமல் வந்தது. தோளைச் சுற்றி, அக்குள் வழியாக, கை நெடுக, வெண்ணெயில் ஓடுவதுபோல உருவிக்கொண்டு வந்தது. கடைசி முனை சுண்டுவிரலை விட்டபோது அவளுக்குக் கூசியது.

கூசியது! இடது கையை மேசைமேல் வைத்தாள். மரம் சில்லென்று இருந்தது. கம்பளியைத் தொட்டாள், சொரசொரவென்று இருந்தது. இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய புண் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சலை அவள் கும்பிடாத குறையாக வரவேற்றாள். அழுகையும் சிரிப்புமாகப் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கை வந்துடுச்சு. என் கை எனக்கு வந்துடுச்சு."

"நிஜமாவா? இரு, வண்டியை விட்டுட்டு வந்துடறேன். அங்கேயே இரு."

அவரும் அழுகிறார் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு, உருவிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது. எத்தனை கோட்டுக்கு இப்படி நூல் உருவியிருக்கிறாள்! எப்போதும் கடைசி வேலை அதுதான். எல்லாம் முடிந்து, மெஷின் தையல் போட்டு, அழுத்தி, அதற்கப்புறம்தான்.

அதற்கப்புறம்தான்.

விரலில் சுற்றுவது நின்றது.

மெஷின் தையல் விழாமல் கச்சா நூலை உருவினால் துண்டுகள் பிரிந்துவிடும், இங்கே எதுவும் பிரியவில்லை. காலையிலிருந்து குத்து நின்றிருந்ததே, எதற்காக நின்றது? மரத்த கையில் மெஷின் ஓடியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? விளக்கை இழுத்து முன்கைமேல் பிடித்தாள். தோலுக்கடியில், உட்பக்கம் நெடுக, மெல்லிய வரி ஒன்று ஓடியது. நெருக்கமான, உறுதியான, நேர்த்தியான தையல். இதை அந்தச் சின்னக் கத்தி பிரிக்காது. எந்தக் கத்தியும் பிரிக்காது. அவளே இதைவிட நன்றாகத் தைத்திருக்க முடியாது.

மழைச் சத்தம் ஷட்டரில். வேறு சத்தம் இல்லை.

தோளில் ஏதோ நுழைந்தது.

வலிக்கவில்லை. இதமாக, வழுக்கிக்கொண்டு, கோட்டின் கைக்குள் ஒருவர் கை விடுவதுபோல இறங்கியது. முழங்கையில் கொஞ்சம் தடுமாறி, வளைந்து, கீழே வந்தது. மணிக்கட்டு நிறைந்தது. ஒவ்வொரு விரலாக நிறைந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. உணர்ச்சிதான் திரும்பிவிட்டதே.

வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும் பிடித்தாள்.

"எறங்கு" என்றாள். குரல் உடையவில்லை. "இது என் அளவு. வேற யாருக்கும் பத்தாது. எறங்குடா வெளியே!"

இடது கை பிடியை உதறவில்லை. பிடித்திருந்த வலது கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, நிதானமாக, கண்ணாடியில் மேலே எழுந்தது. அவள் தாடைக்கடியில் போய் நின்றது. அங்கே தொய்ந்திருந்த தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது. கொஞ்சம் விட்டுப் பார்த்தது. மறுபடி, இன்னும் கொஞ்சம் சேர்த்து, இறுக்கிப் பிடித்தது.

அவள் முகம் ஒருபக்கம் இழுபட்டது.

"பத்தாது" என்று அந்த இழுபட்ட வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பத்தாது. பத்தாது."

கண்ணாடியில் அவளுடைய இடது கண் மட்டும் சற்று இடுங்கி, புதுக் கோட்டைப் போட்டுப் பொருத்தம் பார்ப்பவருடைய கண்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.