தகரம் தட்டாத காவல்

யாகப்புவுக்கு இரண்டரை வயது. அதற்குள் குறிஞ்சிப்பிட்டியில் மூன்று பேரைக் கடித்திருந்தான். கடைசியாக அகப்பட்டது கோயில் உபதேசியாரின் பெருவிரல். பாவம், அவர் ஆசையாகக் கன்னத்தைக் கிள்ளத்தான் கையை நீட்டினார்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். யுத்தத்தால் அரிசிகூடப் பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆனாலும் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஊரே புறப்படும்.

"இவனைச் சனத்துக்குள்ள கொண்டுபோக ஏலாது. பிறவிக் குணம். மாமி வீட்டில விட்டிட்டுப் போவம்" என்று அப்பா பஸ்தியான் முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா அல்பொன்சாவுக்கு அழுகை வந்தது. தம்பி இல்லாத திருவிழா அவளுக்கு வேண்டாம்.

அல்பொன்சாவுக்கு ஒன்பது வயது. முற்றத்தில் ஓலைப்பாயில் காயும் நெத்தலியைக் காகம் தூக்காமல் காப்பது அவள் வேலை. மண்ணெண்ணெய்த் தகரத்தை மத்தியானம் முழுவதும் டம டமவென்று தட்டுவாள்.

அந்த வாரம் காற்று பலமாக வீசியது. இரண்டு நாள் தோணிகள் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லாததால் தகரத்துக்கும் ஓய்வு. அந்த இரண்டு நாளும் மத்தியானம் படுத்த யாகப்பு வெயில் சாயும்வரை தூங்கினான். எழுந்ததும் சிரித்தான். அம்மாவுக்குச் சிப்பி பொறுக்கிக் கொடுத்தான். யாரையும் கடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தோணிகள் போய்வந்தன. அல்பொன்சா தகரத்தைத் தட்டிய கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் வீரிட்ட அழுகை கேட்டது. யாகப்பு எழுந்து வந்து தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டான். அக்காவின் கையையும் கடித்தான். கை வலித்தாலும் அவள் அவனைத் திட்டவில்லை. மற்றக் கையில் இருந்த தகரத்தையே பார்த்தாள். தினமும் தம்பியின் நித்திரையைக் கெடுத்தது தான்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் அப்பாவிடம் பழைய வலை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நான்கு தடி நட்டு, நெத்தலிக்கு மேலே அதைக் கட்டினாள். வலை பாதிப் பாய்க்குத்தான் போதுமாக இருந்தது. மீதிப் பாதியைச் சுற்றித் தென்னோலையை வீசிக்கொண்டு ஓடினாள். சுடுமணலில், வெறுங்காலோடு, வாயே திறக்காமல் ஓடினாள். என்ன பிள்ளை அவள்!

தகரச் சத்தம் கேட்கவில்லையே, விளையாடப் போய்விட்டாளோ என்று அம்மா கத்தரினா கோபமாக வெளியே வந்தார். அல்பொன்சா உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லக் கதையுங்க அம்மா. தம்பி நித்திரை. நித்திரை முறிஞ்சாத்தான் அவன் கடிக்கிறான்."

அம்மா மகளின் சிவந்த பாதங்களைப் பார்த்தார். இன்னொரு ஓலையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடத் தொடங்கினார்.

அதன் பிறகு ஒரு வாரம் ஊரில் யாருக்கும் கடி விழவில்லை. திருவிழா நாள் மத்தியானம் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் அவசரப்பட்டார். அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவன் எழும்பட்டும். பிறகு எல்லாருமா வெளிக்கிடுவம்" என்றார்.

தலவிலக் கோயில் வாசலில் உபதேசியார் நின்றிருந்தார். யாகப்புவைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். யாகப்பு அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். தான் தின்றுகொண்டிருந்த பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

அதை வாங்க, உபதேசியார் கையை வெளியே எடுக்கத்தான் வேண்டியிருந்தது.