காபியில் விஷமில்லை

"என் வீட்டுக்காரருக்கு யாரோ காபில விஷம் வச்சுட்டாங்க சார். யாரோ என்ன, அவரோட பார்ட்னர்தான்!"

அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் செருப்பை மாட்டிவிட்டார். முன்னாள் போலீஸ்காரர், யாரையாவது பிடித்து உள்ளே தள்ளக் கை துறுதுறுக்கும். துப்பறிவாளர் நிதானமாகப் பின்னால் வந்தார்.

அவள் கணவன் கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தருபவன். வீடு, அவனுடைய பயிற்சிக் கடைக்கு மேல். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கட்டிலில் கிடந்தான். பார்ட்னர் பேயறைந்தாற்போல் நின்றான்.

"அதே காபியத்தான் சார் நானும் குடிச்சேன்."

"மெதுவாப் பேசுங்க. உள்ள என் தம்பி தூங்குறான், தொண்ட கட்டிக்கிச்சாம்," என்றாள் அவள்.

"இன்னிக்குக் கடல்ல இறங்குனீங்களா?" என்று துப்பறிவாளர் கணவனைக் கேட்டார்.

"ஒரு வாரமா இல்ல."

அவர் அவன் சட்டையை விலக்கினார். தோளெல்லாம் ஊதாத் திட்டுகள். முகத்தில் நீச்சல் கண்ணாடி அழுத்திய தடம். பால்கனிக் கொடியில் இரண்டு ரப்பர் உடைகள் சொட்டிக்கொண்டிருந்தன, ஒன்று சின்னது.

"விஷமில்லம்மா. ஆழத்திலேருந்து வேகமா மேல வந்திருக்காரு. ரத்தத்துல கரைஞ்சிருந்த காத்து குமிழாகி தண்டுவடத்தைப் பாதிச்சிருக்கு. மல்லாக்கவே படுக்கட்டும். பார்ட்னர், கீழேருந்து ஆக்சிஜன் கொண்டாங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்க, குமிழக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அப்ப எதுக்குப் பொய் சொன்னாரு?" என்றார் உதவியாளர் ஏமாற்றத்துடன்.

"பழகினவரு சும்மா அப்படி வர மாட்டாரு. பயந்து மேல பாஞ்ச யாரையோ பிடிக்க வந்திருக்காரு. அந்தச் சின்ன உடுப்பு யாரோடது?"

அவள் முகம் வெளுத்தது. "தம்பியக் கடல்ல இறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

கணவன் அழுதான். "கெஞ்சினான். கீழ போனதும் மிரண்டு, மூச்சப் பிடிச்சிக்கிட்டே மேல பாஞ்சுட்டான். 'நல்லாத்தான் இருக்கேன் மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க'ன்னான். எனக்கும் படுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். குரல் கம்முவது அதற்கு அடையாளம். துப்பறிவாளர் உள்ளறைக்கு ஓடினார். தலையணையில் ரத்தம் கலந்த நுரை. பையனின் கை சில்லிட்டுப் போயிருந்தது. அவர் எவ்வளவோ முயன்றும் பயனில்லை. வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்து தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கணவன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். "தம்பி எந்திரிச்சிட்டானா?"

அவள் அதைத் திரும்பப் பொருத்தினாள்.

"நீங்க மொதல்ல எந்திரிங்க," என்று அவன் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.