ஒரு சாண் இடம்

படகுக் கொட்டகையின் முன்னால் மெக்கானிக் தன் வேனை நிறுத்தியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று பெரிய பிவிசி போர்டுகள், அறுக்கிற மெஷின், டிரில், ஸ்க்ரூ டப்பா, சிலிகான் பசை டியூபுகள். எந்தப் படகு வேலைக்கும் எடுத்துப் போகிற சாமான்தான். ஆனால் இது ஏதோ ஒரு படகு இல்லை. அவனுடைய அத்தானின் படகு. அத்தான் இல்லாமல் அது மட்டும் கரை திரும்பி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நடுக்கடலில் சும்மா மிதந்துகொண்டிருந்ததை மீன்பிடிக்கப் போனவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் அணைந்திருந்தது. ஆள் இல்லை. எவ்வளவோ தேடியும் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா தன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கொட்டகையிலேயே கிடந்தாள். படகின் நடுவே, ஸ்டீயரிங் இருக்கிற பள்ளத்தில், பக்கவாட்டுப் பலகையில் காதை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு கொண்டுபோனால் அப்படியே இருக்கும். டாக்டர் வந்து பேசிப் பார்த்தார். சுவரிடம் பேசியது போலத்தான்.

"வந்துட்டியா தம்பி," என்றாள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் கதவைத் திறந்தாள்.

அவன் அவள் கன்னத்தைப் பார்த்தான். ஊறிய பலகையில் அழுத்தி அழுத்தி, ஒரு பக்கம் முழுக்கப் பாசி நிறம் ஏறியிருந்தது.

"சொன்னது ஞாபகம் இருக்குல்லக்கா? பழைய பலகையக் கழட்டி உன் கண்ணாலயே பாக்க வைக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னா புது போர்டப் போட்டு மூடிட்டு, நீ என்கூட வீட்டுக்கு வந்துடணும்."

"அவரு உள்ள இருந்தா?"

அவன் டிரில்லுக்கு ஒயரை இழுத்து மாட்டினான்.

கொட்டகைக்குள் ஜன்னல் கிடையாது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் நூல் நூலாக இறங்கியது. ஊறிய மரத்தின் வாடை, பழைய டீசல் வாடை. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அத்தானின் சவரச் சோப்பு. அது மூக்கில் பட்டதும் அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டான்.

வலப்பக்கப் பலகை நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. அதற்குப் பின்னால் படகின் ஃபைபர் சுவர். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். பூனை நுழைவதே கஷ்டம். டார்ச் அடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை காட்டினான்.

"பாரு. நல்லாப் பாரு."

அக்கா பார்த்தாள். ஏமாற்றம் அவள் முகத்தில் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"இந்தப் பக்கம் இல்ல," என்றாள்.

இடப்பக்கத்தையும் கழற்றினான். அங்கேயும் அதே ஒரு சாண் வெறுமைதான். கழற்றிய பலகையைத் திருப்பிப் போட்டபோது அதன் பின்புறம் கறுப்புப் பூஞ்சை படிந்திருந்தது. பூஞ்சையில் கோடுகள். தண்ணீர் வழிந்த தடம் என்றுதான் நினைத்தான்.

தண்ணீர் மேலிருந்து கீழேதான் வழியும்.

இந்தக் கோடுகள் குறுக்கே ஓடின. ஐந்தைந்தாக.

அக்கா கண்ணில் படுவதற்குள் அந்தப் பலகையை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தான். வேனின் நிழலில் பழைய பலகைகளை போர்டின் மேல் வைத்து வரைந்து, அதே அளவுக்கு அறுத்தான். வெள்ளைத் தூள் பறந்து கையிலும் புருவத்திலும் படிந்தது. வேலை கையில் ஏறியதும் மனசு கொஞ்சம் அடங்கியது. இந்த போர்டு தண்ணீர் குடிக்காது, பூஞ்சை பிடிக்காது. சாயங்காலம் அக்கா அவன் வீட்டில் குளித்துவிட்டு, சுத்தமான மெத்தையில் படுத்திருப்பாள். மனைவி அவளுக்கென்று அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள்.

வலப்பக்க போர்டைப் பொருத்தி, ஸ்க்ரூ முடுக்கி, விளிம்பில் சிலிகான் போட்டு விரலால் வழித்து முடித்தபோது உச்சி வெயில். கூரை அனலாய்க் கொதித்தது. இடப்பக்கத்து போர்டு இருக்கையில் சாய்ந்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தான்.

டொக்.

புது போர்டின் உள்ளேயிருந்து.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"வெயில்ல போர்டு விரியுதுக்கா," என்றான். "சூடு பட்டா இப்படித்தான் சத்தம் வரும்."

சொல்லி வாய் மூடவில்லை. போர்டின் நடுப்பகுதி மெல்ல உப்பியது. அதுவும் சூட்டில் நடப்பதுதான். ஸ்க்ரூ ஓட்டை இறுக்கமாக இருந்தால் போர்டு இடமில்லாமல் வயிறு தள்ளும். அவனே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறான்.

ஆனால் சூட்டில் உப்புகிற போர்டுக்கு விரல்கள் முளைப்பதில்லை.

முதலில் உள்ளங்கை. பிறகு விரல் விரலாக. வெந்த மாவைப் பின்னாலிருந்து அழுத்துவது போல வெள்ளைப் பரப்பில் ஒரு கை புடைத்து எழுந்தது. பக்கத்தில் இன்னொரு கை. நடுவில் ஒரு நெற்றி.

வாய் இருக்கவேண்டிய இடம் குழிந்தது.

"மாப்ள."

அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"மூச்சு முட்டுது மாப்ள."

அதற்கப்புறம் அவனுக்குச் சாத்தியம், அசாத்தியம் எதுவும் நினைவில் இல்லை. டிரில்லை எடுத்து ஸ்க்ரூவில் வைத்தான். முனை வழுக்கி, ஸ்க்ரூவின் தலையே மழுங்கிப்போனது. அடுத்ததும் அப்படியே. அக்கா நகத்தால் போர்டின் விளிம்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"மெஷின் வெளிய இருக்கு. அறுத்துத்தான் எடுக்கணும். நீ நகராத, எதையும் தொடாத."

"சீக்கிரம் வாடா. அவருக்கு முடியல."

ஓடினான். வேன் பக்கத்தில் கிடந்த மெஷினைத் தூக்கினான். ஒயர் சக்கரத்தில் சிக்கியிருந்தது. வெறி வந்தவன் போல் பிடுங்கினான். ஒரு ஆள் முகம் கழுவி முடிப்பதற்குள் திரும்பிவிட்டான்.

உள்ளே சத்தமே இல்லை.

வலப்பக்க போர்டு கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. கையும் இல்லை, முகமும் இல்லை.

அக்காவும் இல்லை.

அவளுடைய செருப்பு மட்டும் பள்ளத்தின் தரையில் கிடந்தது.

"அக்கா."

கொட்டகைக்கு இருந்தது ஒரே வழி. அந்த வழியில்தான் அவன் நின்றிருந்தான். மெல்லத் திரும்பி இடப்பக்கம் பார்த்தான். அவன் இன்னும் பொருத்தாத போர்டு, இருக்கையில் சாய்த்து வைத்திருந்த போர்டு, தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எல்லா ஸ்க்ரூவும் முடுக்கப்பட்டு, விளிம்பில் சிலிகான் விரலால் வழித்து விடப்பட்டிருந்தது.

அந்த ஈர சிலிகானில் நீளமாக ஒரு கற்றை முடி சிக்கியிருந்தது. பாதி வெளியே. பாதி உள்ளே.

"தம்பி." போர்டுக்குப் பின்னாலிருந்து, மிக மெதுவாக. "தம்பி, இது அவரில்லடா."

அவன் மெஷினை ஓடவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, பிளேடு அவள்மேல் பட்டுவிடுமோ என்று விரல் நுனியால் தடவித் தடவி அறுத்தான். "இருக்கேன்க்கா. இதோ. இதோ ஆச்சு." கண்ணீரும் வெள்ளைத் தூளும் சேர்ந்து கண்ணை மறைத்தன. அறுத்த துண்டு தொப்பென்று விழுந்தது.

உலர்ந்த ஃபைபர் சுவர். ஒரு சாண் இடம். வேறொன்றும் இல்லை.

"தம்பி."

இப்போது குரல் படகின் முனையிலிருந்து வந்தது. அங்கே அறுத்தான். குரல் தரைக்கு அடியில் போனது. தரையைப் பெயர்த்தான். குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தேய்ந்து கேட்டது. கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே பேசுகிற ஆளின் குரல் மாதிரி. கடைசியில் அது தம்பி என்கிறதா, வெறும் காற்றா என்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்கள், சின்னாபின்னமாகிக் கிடந்த படகின் நடுவே அவன் ஃபைபர் சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள்.

போலீஸ் வந்தது, விசாரித்தது. புருஷன் போன துக்கத்தில் கடலில் இறங்கியிருப்பாள் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அவன் என்ன சொல்லி மறுப்பான்? படகில் மிஞ்சியதைக் கொளுத்தினான். படகு வேலையையே விட்டுவிட்டு, ஒரு லாரி ஷெட்டில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தான். மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் அதை இன்னொரு தடவை கேட்கவேண்டியிருக்கும், தன் வாயிலிருந்தே.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்தான். மனைவி நடையில் நின்றிருந்தாள். கையில் புதுத் துண்டு. முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது.

"அண்ணி வந்துட்டாங்கங்க, உங்க அக்கா," என்றாள் ரகசியமாக.

அவன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"எங்க?"

"பாத்ரூம்ல. நான் இன்னும் முகத்தப் பாக்கல. துண்டு வேணும்னு குரல் மட்டும் கேட்டுச்சு. பாவம், குரலே எப்படியோ போயிருக்கு."

அவன் அவளைத் தன் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். பாத்ரூம் திறந்துதான் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. வாளி காலி. உள்ளே யாரும் இல்லை.

கதவு மட்டும் முழுக்கத் திறந்து, உள்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

வெள்ளை பிவிசி கதவு.

அதன் நடுப்பகுதி, மூச்சு இழுப்பது போல, மெல்ல உப்பியது. அதில் ஒரு நெற்றி புடைத்தது, பக்கத்தில் இன்னொன்று. மனைவியின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"என்னங்க," என்று அவள் அவன் தோளுக்குப் பின்னால் முணுமுணுத்தாள். "அண்ணி கூட வேற யாரோ இருக்காங்க."