தொண்ணூற்றேழு புள்ளி வக்கீல்

வக்கீல் கார்குழலி தேம்பித் தேம்பி அழுதபோதுதான் தெய்வானைக்கு முழு நம்பிக்கை வந்தது.

பற்றிழை ஏற்றி அது நான்காம் நாள். சிங்காநல்லூர் வீட்டின் பத்திரங்களை மேசை முழுக்கப் பரப்பிக்கொண்டு, "இந்த வீடு உங்க கைய விட்டுப் போயிருமோன்னு நெனச்சாலே நெஞ்சை அடைக்குதுங்கக்கா" என்று மூக்கைச் சிந்தினாள் கார்குழலி. மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவைக் கட்டி மேய்க்கும் தெய்வானை, ஐம்பத்திரண்டு வயதுக்குள் பதினேழு வாடகை வீடு மாறியவள். கூடப்பிறந்த அண்ணன்கூட அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

முழுப்பற்றுச் சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் வீடு வாங்குகிறவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். நம்முடைய வக்கீல் என்று நம்பிப் போவோம். அவர் விற்கிறவரோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பார். மூலப்பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுப்பார். பற்றிழை வந்ததும் அந்தக் கூத்தெல்லாம் ஒழிந்தது. வக்கீலின் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், தலைமுடி கனத்தில் ஓர் இழை. கட்சிக்காரர் கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினால் போதும். பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால் மூளையில் எந்த மூலை பதறுமோ, அந்த மூலையை அது கட்சிக்காரர் பக்கம் திருப்பிவிடும். அவருக்கு நஷ்டம் என்றால் இவருக்கு வலிக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்சிக்காரர்தான். பத்திரம் பதிவானதும் பற்றறுப்பு.

இழை எவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று வாசல் பலகையிலேயே போட்டிருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் வக்கீல் சும்மா இருக்கிறார். சிவப்பு என்றால் யாருக்காகவோ உருகிக்கொண்டிருக்கிறார். "எங்க வக்கீல் ஆறு கிலோ இளைச்சுட்டாருங்க" என்று கல்யாண வீடுகளில் பெருமை பேசுகிற காலம். அறுபது புள்ளி வக்கீலே போதும் என்றான் அண்ணன். தெய்வானை கேட்கவில்லை. தொண்ணூற்றேழு புள்ளிக்காரி கார்குழலியின் வாசலில் பச்சை விளக்கு எரிய இரண்டு மாதம் காத்திருந்தாள்.

காத்திருந்தது வீண்போகவில்லை. கார்குழலி தானே டேப்பைப் பிடித்து நாலு பக்கச் சுவரையும் அளந்தாள். கிழக்கே முக்கால் அடி குறைகிறது என்று விற்பவரோடு மல்லுக்கு நின்றாள். காலையில் எழுந்ததும் "சாப்டீங்களாக்கா" என்று கூப்பிடுவாள். தெய்வானையும் புருஷன் விட்டுப் போனது, ஒரு வீட்டுக்காரன் பாத்திரங்களைத் தெருவில் தூக்கிப் போட்டது, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள். வக்கீலிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. தங்கச்சியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. சிக்கல் மூலப்பத்திரத்தில் இருந்தது. விற்கிற பெரியசாமியின் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனவர். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த தங்கை ருக்குமணிக்கும் வீட்டில் சரிபாதி உண்டு. பங்கு வேண்டாம் என்று அந்தம்மாள் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேயில்லை. "சீர்செனத்தியெல்லாம் செஞ்சாச்சுங்க, அதுக்கு மேல என்ன?" என்றார் பெரியசாமி. சரிபாதி தராமல் கையெழுத்து இல்லை என்றாள் ருக்குமணி. அப்படியானால் வீட்டை விற்கப்போவதே இல்லை என்று பெரியசாமி வீம்பாக நின்றார்.

கார்குழலி மூன்று நாள் அன்னம் தண்ணி இறங்காமல் கிடந்தாள். நான்காம் நாள் தெய்வானையின் கம்பெனிக்கே ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த வீதியை, அந்தரத்துல மெதந்து போற மிதவண்டிக்கு நிலையம் கட்ட எடுக்கப் போறாங்கன்னு ருக்குமணியம்மாகிட்டச் சொல்லுங்க. கவர்மென்ட்டு எடுத்துட்டா ஒண்ணும் தேறாதுன்னு நெனச்சு, குடுக்கறத வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க."

"பொய்யில்லியா கண்ணு?"

"உங்களுக்கு வீடு வேணுமில்லீங்க?" கார்குழலியின் உதடு துடித்தது. "நான் போனா வக்கீல்னு மெரண்டுக்குவாங்க. நீங்களே போயிட்டு வாங்கக்கா."

போனாள். ருக்குமணி மோர் கொடுத்து உட்காரவைத்து, மின்விசிறியையும் அவள் பக்கம் திருப்பிவைத்தாள். சொன்னதை அப்படியே நம்பி, அந்த வாரமே கையெழுத்தும் போட்டுவிட்டாள். திரும்பி வந்த தெய்வானைக்கு மனசு உறுத்தியது. "இதுல ஒரு தப்பும் இல்லீங்கக்கா" என்று கார்குழலி கட்டிக்கொண்டாள். உயிரையே விடுகிற ஒருத்தி தப்பில்லை என்று சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? உறுத்தல் அடங்கிவிட்டது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. கார்குழலி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊழியர் ஒருவர் வந்து அவள் காதுக்குப் பின்னால் பற்றறுப்புக் கோலை வைத்து எடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"வர்ற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறேன். நீதான் கண்ணு மொதல்ல வரோணும்."

"வேலை இருக்குங்க மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு கார்குழலி நடந்தாள்.

மேடமாம்! நாற்பது நாள் அக்கா, அக்கா என்று உருகியவள். சட்டப்படி அப்படித்தான் என்று தெரியாமலில்லை. இருந்தாலும் எல்லார் முன்னாலும் அறை வாங்கியதுபோல இருந்தது தெய்வானைக்கு. சொந்த வீட்டில் பால் பொங்கிய நாளில்கூட அவளுக்கு வாசலைப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

பதினான்கு மாதம் போனது. ஒரு கல்யாணத்துக்காகக் கோவை வந்த ருக்குமணி, பிறந்த வீட்டை ஒரு தரம் எட்டிப் பார்க்க வந்தாள். வீடு புதுச் சுண்ணாம்பு அடித்து ஜம்மென்று நின்றது. மிதவண்டி நிலையமா, அப்படி ஒரு பேச்சே இல்லையே என்றார்கள் வீதிக்காரர்கள். அடுத்த வாரம் தெய்வானைக்கு நோட்டீஸ் வந்தது. எந்தத் தேதியில் போனாள், என்ன பொய் சொன்னாள், மோர் குடித்தது வரை வரிசையாக இருந்தது. கீழே ருக்குமணிக்காக ஒப்பமிட்டிருந்தவள் கார்குழலி.

அரக்கப் பரக்க ஓடினாள் தெய்வானை. வாசலில் சிவப்பு விளக்கு. உள்ளே ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கார்குழலி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நீ சொல்லித்தான நான் போனேன்!"

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன்." மறைக்கக்கூட இல்லை. "அன்னிக்கு எனக்கு உங்களைத் தவிர ஆருமே கண்ணுக்குத் தெரியலீங்க. இப்ப இந்தம்மாவை ஏமாத்துனத நெனச்சா வயிறு எரியுது. மோர் குடுத்து உபசரிச்சவங்ககிட்ட எப்படிங்க அந்த வார்த்தை சொன்னீங்க?"

"இதை நீ என்கிட்டக் கேக்கறயா?"

"பற்றுக்குக் கீழ வக்கீல் சொன்னது, செஞ்சது எல்லாம் கட்சிக்காரரோட பொறுப்புதாங்க. பதினோராம் பிரிவு. படிச்சுட்டுத்தான கட்டைவிரல் வெச்சீங்க?"

படிக்கவில்லை. அந்தத் தாளைப் படித்து அர்த்தம் சொல்ல, கட்டைவிரல் வைக்கும்வரை அவளுக்கு வக்கீலே கிடையாதே. பழைய கட்சிக்காரருக்கு எதிராக வக்கீல் வாதாடக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. அறுந்த பற்றில் மிச்சம் ஏது என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

"உன்னைத் தங்கச்சியாட்டம் நெனச்சு எல்லாத்தையும் சொன்னனே கண்ணு."

"சொன்னீங்க. எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க" என்றாள் கார்குழலி.

தெய்வானை படியிறங்கினாள். எதிர்வரிசையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மாசிலாமணி, தொண்ணூற்றெட்டுப் புள்ளி. அறுபது வயது மனிதர் கடுகடுவென்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்தவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளை நீட்டினார். இந்த முறை அவள் பதினோராம் பிரிவைப் படித்தாள். படித்து என்ன செய்வது, வக்கீல் இல்லாமல் நீதிமன்றப் படி ஏறமுடியாது. அவர் காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

பேப்பர் கீழே விழுந்தது. கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மணி, எப்ப சாப்பிட்டயோ என்னமோ, மொகமெல்லாம் வாடிக் கெடக்குதே. உக்காரு. அந்த நோட்டீசைக் குடு." படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "இத பாரு அம்மணி, நெசமாலுமே நீ போயிச் சொல்லியிருந்தீன்னா, இப்பவே ஒத்துக்கலாம். அந்தம்மாவுக்கு உண்டான பங்கைக் குடுத்துச் சமாதானம் பேசி வீட்டைக் காப்பாத்திருவேன். மறைச்சு, அப்பறம் மாட்டுனா பத்திரமே ரத்தாயிரும். நான் உன்ர ஆளு. எதா இருந்தாலும் சொல்லு."

அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். அவருடைய கண்ணீரும் சத்தியம். கார்குழலியின் கண்ணீரும் அப்படித்தான் சத்தியமாக இருந்தது.

"இந்த வழக்கு முடிஞ்சப்பறம் நீங்க ஆரு பக்கமுங்க?" என்று கேட்டாள் தெய்வானை.

"அதெப்படி அம்மணி இப்பவே தெரியும்? ஆரு வந்து வெரல் வெக்கறாங்களோ, அவங்க பக்கம்." சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டியது. "அந்த நெனப்பே எனக்கு வேண்டாம். நீ சொல்லு."

உண்மை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் வீடு பிழைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னை இத்தனை அன்பாகப் பார்க்கிற ஒரு முகத்திடம் அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

"அந்தம்மா மொகத்தையே நான் பார்த்ததில்லீங்க. தாராபுரத்துக்கே போனதில்ல."

"எனக்குத் தெரியும் அம்மணி, எனக்குத் தெரியும்!" மாசிலாமணி பாய்ந்து எழுந்தார். தொண்ணூற்றெட்டுப் புள்ளிக்கும் நம்பினார். அங்கேயே நின்றபடி பதில் மனுவை எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் நகர்த்தினார். தெய்வானை அதில் கையெழுத்துப் போட்டாள்.