ஷெரிஃப் அண்ணை, பிணம் தும்முது!

பிணம் தும்மியது.

"கட்!"

இயக்குநர் பெர்னடெற் தலையில் கை வைத்தாள்.

லண்டனை அடுத்த சட்டனுக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணை. 2009 ஒக்ரோபர். மேலே எந்த நேரமும் அழத் தயாராக லண்டன் வானம்... கீழே டெக்சாஸ்! இரண்டு குதிரை, நான்கு தொப்பி, ஒரு ஒட்டு மீசை. 'ஷெரிஃப் சின்னராசா' படத்தின் மொத்தச் சொத்து அவ்வளவுதான்.

வைக்கோலில் கிடந்த பிணம் எழும்பி மூக்கைத் துடைத்தது.

"குறை நினையாதையும் தங்கச்சி. வைக்கல் எனக்கு ஒத்துக்கொள்ளாது."

பிணத்தின் பெயர் பாலசுப்பிரமணியன். நோர்பரியில் பஸ் ஓட்டுகிறவர். அவரைச் சுட்டுக் கொன்ற ஷெரிஃப், அவருடைய தங்கையின் புருசன் யோகலிங்கம். படத்தின் கதாநாயகன். தயாரிப்பாளர். மிச்சம் என்கிற ஊர்ப் பக்கத்தில் பெரிய பலசரக்குக் கடைக்கு முதலாளி.

"ஒழுங்காச் சாகக்கூடத் தெரியாதே மச்சான்?" யோகலிங்கம் பல்லைக் கடித்தான். "பெர்னடெற், உவரை வீட்டை அனுப்பும். அரிசி மூட்டையைக் கிடத்திப் போர்வையால மூடும். ஆருக்கு விளங்கப் போகுது?"

"ஓம் அண்ணை."

வாய் இனித்தது. வயிறு எரிந்தது.

எட்டு மாதமாக இந்த 'ஓம் அண்ணை'யைச் சொல்லி வருகிறாள். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் அவனை ஒரு தரம் கொன்றுதான் சொன்னாள்!

காரணம்... ஞானேஸ்வரன். அவள் புருசன்.

கடையில் யோகலிங்கத்தின் பங்காளி. போன வருசம் ஒரு மாலை, கடையின் பின் அறை பற்றி எரிந்தது. பின்கதவுக்கு உட்பக்கத்தில் ஞானேஸ்வரனின் உடல் கிடந்தது. கைக்குள் ஒரு சாவி.

முதலில் ஓடி வந்தவன் யோகலிங்கம்.

"பின்கதவிலை பூட்டே இல்லை ஐயா. சும்மா சாத்திக் கிடந்தது. நான்தான் இழுத்துத் திறந்தனான். பாவி, புகையிலை மயங்கிப்போனான்!" விசாரணையில் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னான். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

பூட்டில்லாத கதவுக்குச் சாவி எதற்கு?

கேட்டாள். சாவி எந்தக் கதவினதாகவும் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது இப்போது அவள் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில். கடை முழுக்க யோகலிங்கத்தின் பெயரில்.

அழுது முடித்த பிறகு அவனுடைய பலவீனத்தைத் தேடினாள். கிடைத்தது. லண்டனுக்கு வரமுன் யோகலிங்கம் இத்தாலியில் இருந்தவன். அந்த நாட்டுக்காரர் சல்லிக் காசில் எடுத்த கௌபாய் படங்கள் என்றால் உயிர்!

"அண்ணை, தமிழிலை அப்பிடி ஒரு படம் எடுப்பம். உங்கடை முகத்துக்குத் தொப்பி எடுப்பா இருக்கும்."

மீன் தூண்டிலையும் சேர்த்து விழுங்கியது.

இத்தாலி முறையில்தான் படப்பிடிப்பு. சத்தம் பதிவதே இல்லை! நடிகன் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். குரலைப் பிறகு டப் பண்ணலாம். யோகலிங்கம் கண்ணில் நெருப்புப் பறக்கக் குதிரையில் இருந்து கர்ச்சிப்பான்.

"கத்தரிக்காய்! கருவேப்பிலை! வெங்காயம் பத்து மூட்டை!"

அந்தத் துணிச்சல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. சத்தம் பதியாது என்று நம்புகிறவன், ஒரு நாள் உண்மையையும் உளறுவான். இன்று அவனுடைய ஷெரிஃப் நட்சத்திரத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு மைக் ஒளித்து வைத்திருந்தாள்.

ஆனால் காலையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. யோகலிங்கம் ஒரு பூட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தாரும், சிறைக் கதவுக்குப் பூட்டு. கடைப் பூட்டெல்லாம் மினுங்குது எண்டு சொன்னீரல்லோ? இது வீட்டுக் கராஜுக்குள்ளை கிடந்தது. காசைக் கரியாக்காமல் சமாளிச்சன் பாத்தீரே!"

கறுத்த பூட்டு. ஒரு பக்கம் வெந்து பொருக்கு விட்டிருந்தது.

பெர்னடெற்றின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

"நல்ல பூட்டு அண்ணை... இப்பிடி ஒண்டைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்."

பூட்டோடு லாயத்துக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. குளிர் என்றாள்.

*

"ரெடி!"

குதிரை லாயத்தின் ஒரு அறைதான் சிறை. கதவின் மேல்பாதி இரும்புக் கம்பி. கொண்டியில் அந்தக் கறுத்த பூட்டு திறந்தபடி தொங்கியது. உள்ளே வைக்கோலில், போர்வைக்கு அடியில் 'பிணம்'. அதற்கு முன்னால் ஷெரிஃப்.

முற்றத்தின் கடைசியில் லலிதா. நோர்பரியில் கலியாண வீடியோ எடுக்கிறவள். தூரத்தில் நின்று லென்ஸால் அவன் முகத்தை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்‌ஷன்!"

"கத்தரிக்காய்..." யோகலிங்கம் பிணத்தைப் பார்த்து உறுமினான்.

"காணாது அண்ணை!" பெர்னடெற் வாசலில் நின்று கத்தினாள். "நீங்கள் வெண்டவர்! எதிரி காலுக்குக் கீழை கிடக்கிறான். உண்மையா ஆரையாவது நினைச்சுக் கதையுங்கோ. ஆருக்கும் கேக்காதுதானே?"

யோகலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மெல்லச் சிரித்தான்.

கை நெஞ்சுக்குப் போனது. நட்சத்திரத்தைப் பிடுங்கினான். பின்னால் ஒட்டியிருந்த மைக்கை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்!

பெர்னடெற் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"என்னை விசரன் எண்டு நினைச்சியோ?"

'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

மைக் குதிரையின் தண்ணி வாளிக்குள் விழுந்தது. ப்ளக்!

"தொப்பி போட்டு, குதிரையிலை ஏத்தி, அண்ணை அண்ணை எண்டு... எல்லாம் இதுக்குத்தானே? இப்ப கேள். உன்ரை ஆசைக்குச் சொல்லுறன். லலிதாவின்ரை கமெராவுக்குக் காது கிடையாது."

"அண்ணை..."

"ஓம்! நான்தான் நெருப்பு வைச்சனான். உன்ரை புருசனை உள்ளை வைச்சு வெளியாலை பூட்டினதும் நான்தான். கதவைத் தட்டினான். என்ரை பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டினான். சத்தம் அடங்கும் வரைக்கும் நிண்டு, பிறகுதான் பூட்டைக் கழட்டினன். போதுமே?"

ஞானேஸ்வரன் இவன் பேரைச் சொல்லித் தட்டியிருக்கிறான்... காப்பாற்ற வந்திருக்கிறான் என்று நம்பித் தட்டியிருக்கிறான்! அந்தக் கணத்தில் கையில் நிசத் துப்பாக்கி இருந்திருந்தால், இந்தக் கதை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

"இதைப் போய்ப் பொலிசுக்குச் சொல்லு!" யோகலிங்கம் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். "விதவைக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு நானே பரிதாபப்படுவன். சாட்சிக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு போவாய்? உந்த அரிசி மூட்டையையோ?"

அரிசி மூட்டை தும்மியது.

யோகலிங்கத்தின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

போர்வை விலகியது. கண் சிவந்து, மூக்குச் சிவந்து, தலையெல்லாம் வைக்கோலோடு பாலசுப்பிரமணியன் எழுந்து உட்கார்ந்தார்!

"அரிசி மூட்டை தூக்க எனக்கு இடுப்பு ஏலாது அண்ணை," என்றாள் பெர்னடெற். "அதுதான் பாலா அண்ணையையே படுத்திருங்கோ எண்டனான். வேறை ஒண்டும் அவருக்குச் சொல்லேல்லை."

"மச்சான்... அது... சும்மா நடிப்பு..."

"வாயை மூடடா!" பாலாவின் குரல் உடைந்தது. "விசாரணையிலை உனக்காக நானும் வந்து நிண்டு அழுதனே! என்ரை தங்கச்சியை உன்னட்டைத் தந்தனேடா, பாவி!"

அவர் எழுந்த வேகத்தில் யோகலிங்கம் மூலைக்குப் பாய்ந்தான். பாலா அவனைத் தொடவில்லை. தொடவும் அருவருத்தவராக வெளியே வந்தார்.

பெர்னடெற் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது.

க்ளிக்!

யோகலிங்கம் ஓடி வந்து கம்பியைப் பிடித்து உலுக்கினான். "திற! நாளைக்கு மச்சான் பேச்சை மாத்துவார்! அவரின்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கை!"

"அவர் மாத்தலாம். இது மாத்தாது."

பெர்னடெற் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். ஞானேஸ்வரன் கைக்குள் வைத்துச் செத்த சாவி. கறுத்த பூட்டுக்குள் விட்டாள். திருகினாள்.

பூட்டு திறந்தது!

அவன் பார்க்கப் பார்க்க மறுபடி அழுத்தினாள். க்ளிக்.

"பூட்டே இல்லை எண்டு சொன்ன கதவின்ரை பூட்டு. நெருப்பிலை வெந்த பூட்டு. உங்கடை கராஜுக்குள்ளை இருந்து, உங்கடை கையாலை வந்தது. நல்ல பூட்டை எறிய உங்களுக்கு மனம் வரேல்லை... எனக்காகக் கவனமா வைச்சிருந்திருக்கிறியள்!"

யோகலிங்கத்தின் ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இப்போது அவன் கதவைத் தட்டினான். அவள் பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டினான்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். நெஞ்சு ஆறியது.

பாலா போனில் பொலிசோடு பேசிக்கொண்டிருந்தார். முற்றத்தின் கடைசியில் லலிதா இன்னும் லென்ஸுக்குள்ளேயே இருந்தாள். கமெராவின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

"கமெராவை நிப்பாட்டு!" யோகலிங்கம் வீறிட்டான். "நிப்பாட்டச் சொல்லு!"

"ஏன் பயப்பிடுறியள் அண்ணை? அதுக்குத்தான் காது இல்லையே!" பெர்னடெற் சாவியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "முகமும் வாயசைவும் நல்லா விழுந்திருக்கு. வசனத்தைக் கோர்ட்டிலை டப் பண்ணுவம்!"