வலப்பக்கத்து மங்கல்

மாடம்மாளின் முகம் மட்டும் மங்கலாக இருந்தது.

கன்னியாகுமரிக் கடல் பரவாயில்லை. பின்னால் பாசிமாலை விற்றுக்கொண்டிருந்த ஆளும் பரவாயில்லை. பதினாறு வருஷத்துக்கு முந்தின மீசையோடு, சூரிய அஸ்தமனத்தையே தான் ஏற்பாடு செய்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்ற சொரிமுத்துவும் வேண்டிய அளவுக்குத் தெரிந்தார். வலது ஓரத்தில் நின்ற மனைவிக்குக் கழுத்துக்கு மேலே மட்டும் அரிசி கழுவின தண்ணீரைத் தெளித்தாற்போல ஒரு வெளுப்பு. அடுத்த படம், குற்றாலம். அதிலும் அவள் வலது ஓரம். அதிலும் வெளுப்பு.

சொரிமுத்துவுக்கு அறுபத்தாறு வயது. சாலைக் கடைத்தெருவில் முப்பத்தெட்டு வருஷம் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். கடையைக் கைமாற்றிவிட்டு, கரமனையில் ஒரு சந்துக்குள் வீடே கதி என்று இருக்கிறார். உதிர்ந்த சுவர்க்காரையைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று யார் நின்றாலும், கலர் அட்டையைப் பார்க்காமல் கலக்கிக் கொடுத்த கண் அவருடையது. அந்தக் கண்ணுக்குத்தான் போன மாதம், சோற்றில் கைவைத்திருந்தபோது, மாடம்மாளின் தாடையில் மச்சம் இடதுபக்கமா வலதுபக்கமா என்பது மறந்துபோனது. சோறு ஆறி விறைக்கிற வரை உட்கார்ந்து யோசித்தார். வரவில்லை. அவள் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஏழு மாதத்தில் எந்த மட்டப் பெயிண்டும் இப்படி வெளுக்காது.

மறந்துவிட்டது என்று பெங்களூரில் இருக்கும் மகள் திவ்யலட்சுமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "போன்ல போட்டோ எல்லாம் உளுந்து மாதிரி தெரியுது மக்ளே" என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு புதுக் கம்ப்யூட்டரையே அனுப்பிவைத்தாள், இருபத்து நாலு அங்குலத் திரையோடு, பழைய ஆல்பம் முழுவதையும் ஏற்றி. சனிக்கிழமை கிழக்கேகோட்டைக் கடையிலிருந்து ஷிபு என்கிற பையன் வந்து மாட்டிவிட்டுப் போனான்.

இன்று திங்கள். மணி நாலரைதான். ஆனால் இடவப்பாதிப் பருவமழை காலையிலிருந்தே ஓயாமல், அடுக்களைக்குப் பின்னால் இறக்கியிருந்த தகரத்தில் யாரோ பயறு புடைக்கிற மாதிரி விழுந்துகொண்டிருக்க, முன்னறையில் வெளிச்சம் பழைய எண்ணெய் போலத் தடித்துப் பழுத்திருந்தது. புது பிளாஸ்டிக்கின் வாசனைக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. நீர் கோத்த சுவரின் வாசனை. எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை.

ஷிபுவைப் போனில் கூப்பிட்டார்.

"பறயுங்க அண்ணாச்சி." ஷிபு பாறசாலைக்காரன். அவனுடைய தமிழ் பாதி வழியில் மலையாளத்துக்கு பஸ் மாறிவிடும்.

"படம் மங்கலா இருக்குப்பா."

"புது மானிட்டரா? மங்கலோ? ஞான் வரட்டே?"

"மழையில வேண்டாம். போன்லயே சொல்லு."

அந்த 'வரட்டே' எப்போது காதில் விழுந்தாலும் சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமாகி மாடம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த முதல் வாரம், இரண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பி நிற்கையில், பக்கத்து வீட்டுச் சேச்சி படியேறி வந்து "ஞான் வரட்டே?" என்று கேட்டாள். நானும் வரட்டுமா என்று அர்த்தம். மாடம்மாளுக்கு அது ஊர்வழக்கத்து 'வரட்டா?'வாகக் கேட்டது. போய்வருகிறேன் என்பதற்கு வரட்டா என்றுதானே கேட்போம். பதிலுக்கு வா என்றுதானே அனுப்புவோம். "சரி, வாங்க" என்றாள் வாய் நிறைய. சேச்சி வந்தாள். சினிமாவுக்கே வந்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்து கடலை தின்றாள். அன்றிலிருந்து மாடம்மாள், அரைத்த மாவு வாங்குவதிலிருந்து ஆட்டோக்காரரோடு சண்டை வரை மலையாளத்தில் வெளுத்துக் கட்டினாலும், அந்தச் சொல்லை மட்டும் தொடமாட்டாள். "நமக்கு டா போதும். டே ஆளைக் கூட்டிட்டு வந்துரும்" என்பாள்.

கடைசியாகவும் அவள் டா-தான் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி. "வரட்டா?" சொரிமுத்து அப்போது எதிலோ கையெழுத்துப் போட நர்ஸிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. ஒரே ஓர் எழுத்து. பேனா கிடைத்துத் திரும்பியபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி? லைன்ல உண்டோ? முன்னால ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை உரிச்சாச்சோ?"

உரிக்கவில்லை. டிவி ரிமோட்டைப் பதினோரு வருஷமாகப் பாலித்தீன் உறையில் போட்டுக் காப்பாற்றுகிறவர், இருபத்து நாலு அங்குலத்தை மட்டும் அம்மணமாக விடுவாரா? மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். ஈரத் தோலிலிருந்து பிளாஸ்திரியைப் பிரிக்கிற சத்தம். கடல் பளிச்சென்றானது.

வெளுப்பு போகவில்லை. அதுவும் சற்றுத் தெளிந்திருந்தது. வட்டம் என்று நினைத்தது வட்டமில்லை. கீழே ஒடுங்கி, மறுபடி அகன்று, ஒருபக்கம் சரிந்தது. ஒரு தோள் மாதிரி.

"கேபிளை நல்லா அமுக்குங்க. செட்டிங்ஸ்ல ரெக்கமண்டட்னு ஒண்ணு கிடக்கும், அதை கிளிக் செய்யுங்க." சொன்னதை எல்லாம் செய்தார். ஒவ்வொன்றுக்கும் படம் தெளிந்தது. ஒவ்வொன்றுக்கும் வெளுப்பும் கூடவே தெளிந்தது.

"கண்ணாடியைத் துடைச்சோ?"

"துடைச்சேனே. ஸ்கிரீனைத்தானே சொல்லுதே?"

"மூக்கில இருக்கிற கண்ணாடி, அண்ணாச்சி."

சொரிமுத்து சிரித்துவிட்டார். வீட்டில் ஒரு மனிதச் சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே திடுக்கென்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். இது மாடம்மாளின் வேலை. அவர் பேப்பர் படிக்கும்போது பின்னால் வந்து நின்று, கழற்றாமலே, முந்தானையை விரல்நுனியில் சுற்றிக்கொண்டு, முதலில் இடது கண், பிறகு வலது கண். "கண்ணைத் தோண்டிராத, தாயே" என்பார் இவர். "இருந்து என்னத்தைப் பாத்துக் கிழிச்சிய?" என்பாள் அவள்.

"இனி படத்தை இடத்தே வலிச்சு நோக்குங்க. மங்கலும் கூடப் போச்சுன்னா படத்தில தகராறு. நின்ன இடத்தில நின்னா மானிட்டர்ல தகராறு. மாற்றிக் கொடுக்கலாம்."

இழுத்தார். படம் இடதுபக்கம் நகர்ந்தது. வெளுப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கடியிலிருந்து, முக்காட்டை விலக்கினாற்போல, மாடம்மாள் வந்தாள். காற்றில் கலைந்த முடி, கூசின கண், சிரிப்பில் எட்டிப்பார்த்த தெத்துப்பல். மச்சம். இடது தாடை. இடது! அது எப்படி மறக்கும்? விரலால் திரையைத் தொடப் போனார்.

வெளுப்பு நகர்ந்தது.

நிதானமாக. தியேட்டரில் முன்சீட்டுக்காரன் மறைத்தால் நாம் தள்ளி உட்காருவோமே, அப்படி. நகர்ந்து வந்து, மறுபடி அவள் முகத்தின்மேல் நின்றுகொண்டது.

"நின்னுதா, போச்சா அண்ணாச்சி?"

"நின்னுது. பொறவு... போச்சு."

"அதெந்தா, ரெண்டுங்கெட்டானா? மானிட்டரை ஆஃப் செய்யுங்க."

அடியில் தடவிப் பொத்தானை அழுத்தினார். கடல் அணைந்தது. மீசை அணைந்தது. மாடம்மாள் அணைந்தாள். கறுத்துப்போன கண்ணாடியில் வெளுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"வீடியோ கால்ல வாங்க. ஒண்ணு காணட்டே."

போனைத் திருப்பித் திரைக்கு நேரே பிடித்தார். மழையில் படம் திக்கித் திக்கிப் போனது. பிறகு ஷிபுவின் சிரிப்பு, தெளிவாக:

"ஓ! இத்தரேயுள்ளூ! இவ்வளவுதானா! இது ரிஃப்ளெக்ஷன் அண்ணாச்சி. மானிட்டர்ல ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பின்னால அடுக்களை வாசல்ல நிக்கிறவங்களை ஒண்ணு மாறி நிக்கச் சொல்லுங்க. வெள்ளைச் சேலை, அதான் கண்ணாடியில அடிக்குது."

தகரத்தில் பயறு விழுந்துகொண்டே இருந்தது.

"பின்னால ஆரும் இல்லப்பா" என்றார் சொரிமுத்து. சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசல். நிலைப்படி. அதற்கப்பால் ஃபிரிட்ஜின் முனகல், கவிழ்த்துவைத்த ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். யாருமில்லை. யாருமில்லாததில் இவ்வளவு பயம் இருக்கும் என்று எட்டு மாதத்தில் ஒருநாளும் அவருக்குத் தெரிந்ததில்லை.

திரையைப் பார்த்தார். வாசலில் நின்றது.

"களியாக்காதீங்க அண்ணாச்சி, விளையாடாதீங்க." ஷிபுவின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "அந்த ஆளு உங்களையே நோக்கிட்டு... அண்ணாச்சி, ஞான் இப்ப வர..."

அத்தோடு சிக்னல் அறுந்தது. போனில் ஷிபு வாயைத் திறந்தபடி உறைந்து நின்றான். பிறகு அதுவும் போயிற்று.

வெளியே ஓடலாம். தெருவாசலுக்கு நாலே எட்டுதான் வைக்கவேண்டும். ஆனால் எழுந்து நிற்கிற அந்த நேரத்தில் முதுகு எந்தப் பக்கம் இருக்கும்? அதை யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். தனியாக இருக்க முடியாமல், கைபோன போக்கில் பொத்தானை மறுபடி அழுத்தினார். கடல் வந்தது. அவள் வந்தாள், முகமில்லாமல். ஈரச் சுவரின் வாசனை இப்போது மூக்குக்கு மிக அருகில் இருந்தது. உள்ளே ஊறி ஊறி, மேல்பூச்சு மட்டும் நிற்கிற சுவர். தொட்டால் பொலபொலவென்று வரும்.

பின்னால் யாரோ லேசாகச் செருமினார்கள்.

மாடம்மாளின் செருமல்.

பிறகு அவள் குரல். நாற்பது வருஷம் கேட்ட குரல், கொஞ்சம் நீர் கோத்து. விடைபெறுகிற அந்த ஒரே சொல்லைக் கேள்வியாகக் கேட்டது.

சொரிமுத்து அழுதுவிட்டார். பயம் போன இடம் தெரியவில்லை. இதற்குத்தானா நின்றாய்? எட்டு மாதமாக, நான் சொல்லாத அந்த ஓர் எழுத்துக்காகவா, வாசலிலேயே? இப்போது கையில் பேனா இல்லை. நர்ஸ் இல்லை. அவர் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தே, வாய் நிறைய, மனசு நிறையச் சொன்னார்:

"வா."

வெளுப்பு போயிற்று.

ஓரம்கூட மிச்சமில்லை. திரை முழுக்கப் பளிங்கு மாதிரி தெளிந்து, கடலின் ஒவ்வொரு நுரையும், பாசிமாலையின் ஒவ்வொரு மணியும், மாடம்மாளின் இடது தாடை மச்சமும் துலங்கின. ஷிபுவிடம் சொல்லவேண்டும், சரியாகிவிட்டது என்று. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான், காதுக்குள் இன்னும் கிடந்த அந்தச் சொல்லின் கடைசி எழுத்து மெல்லத் தெளிந்தது.

டா இல்லை.

டே.

வரட்டே?

மேஜையில் போன் அதிர்ந்தது. ஷிபு. அதிர்ந்துகொண்டே ஓரத்துக்கு நகர்ந்தது. கை எழவில்லை. வாசலில் நின்றது வாசலில் இல்லை. திரையில் இல்லை. அதனால்தான் படம் தெளிவு.

நாற்காலியின் முதுகு லேசாகக் கிரீச்சிட்டது. ஏதோ சாய்ந்தாற்போல.

குளிர்ந்த மூச்சு ஒன்று உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கியது. மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் வெளுத்தது. கடல் போயிற்று. மாடம்மாள் போனாள். அரிசி கழுவின தண்ணீர் மட்டும்.

போன் கீழே விழுந்தது. அதிர்வு நின்றது.

அந்த வெளுப்புக்குள் ஒரு விரல் வந்தது. எந்த அட்டையிலும் பெயரில்லாத நிறம். இடது கண்ணாடியின் மேல், கழற்றாமலே, மெதுவாக, வட்டமாக, அழுத்தாமல் துடைத்தது. துடைத்த ஓட்டை வழியாக மாடம்மாள் தெரிந்தாள். கடலோரத்தில் அவள் இப்போது சிரித்துக்கொண்டிருக்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல், அவசரமே இல்லாமல், வலது கண்ணுக்கு வந்தது.