முறை வருவதற்குள் ஒரு ஆல்-இன்

"ஆல்-இன்!"

சொன்னவன் தினேஷ். கையிலுள்ள சிப்ஸ் வில்லைகள் மொத்தத்தையும் பந்தயம் வைப்பதாக அர்த்தம். அவன் முறையே இன்னும் வரவில்லை... அதற்கு முன் வேணுகோபால் ஆடவேண்டும். அவரும் ஆடினார். தினேஷ் ஆட்டத்திலிருந்து விலகச் சீட்டைக் கவிழ்க்கப் போனான்.

"வாயால சொன்னா சொன்னதுதான் சார். சிப்ஸ் எல்லாத்தையும் தள்ளுங்க!" தடுத்தாள் மோனிஷா. நடுவர்.

செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தின் மாடி. காசு வைக்காத போக்கர் போட்டி. ஜெயிப்பவருக்கு அடுத்த ஞாயிறு சென்னையில் இறுதிச் சுற்று. "லேடீஸ் ஜட்ஜாம்பா... என்னா கூத்து நடக்குதுன்னு பாத்துக்கினே இருங்க" என்று சக ஆட்டக்காரர் ஆனந்தகுமார் காலையிலிருந்தே கிண்டல்.

தினேஷ் நிமிர்ந்தான். பெய்யப்போகும் மழையை அடக்கிவைத்தாற்போன்ற கண்கள்... சிப்ஸை எல்லாம் தள்ளினான். தோற்றான். "ஜட்ஜம்மா சொன்னா சரிதான்" என்று சிரித்தபடி பின்வரிசைக்குப் போய்விட்டான்.

டீ இடைவேளையில் வேணுகோபால் தலையைச் சொறிந்தார். "நான்தான் ரெய்ஸ் பண்ணேனேம்மா, அந்தப் பையனை ஏன் விடல? எனக்கு லாபம்னு கம்முனு இருந்துட்டேன்."

ரெய்ஸா! மோனிஷா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். முன்னால் ஆடுபவர் பந்தயத்தை உயர்த்திவிட்டால், முறை தவறிச் சொன்னவனை அந்தச் சொல் கட்டாது. ஐயோ...

அந்த ஆட்டத்தை இனித் திருத்த முடியாது. மன்னிப்பு கேட்கலாம். ஆனந்தகுமார் சிரிப்பாரே... கேட்கவில்லை. மீண்டும் அவள் திரும்பியபோது பின்வரிசை காலி.

ஓடினாள். வெளியே மழை. ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் தினேஷ் ஒரு காலை வைத்திருந்தான்.

"தப்பு என்னுதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாய் திறக்கல?"

"நானும் சண்டைக்கு வந்திருந்தா ஆனந்தகுமார் உங்கள சும்மா விட்டிருப்பாரா?" சிரிக்க முயன்றான். "ஜெயிச்சா லீவை ஒரு வாரம் நீட்டலாம்னு இருந்தேன். சென்னைலயும் நீங்கதான் ஜட்ஜாமே... இப்பதான் சூரத்துக்கு, வேலை செய்யற எடத்துக்கு போன் பண்ணேன். நைட்டு வண்டிக்குக் கிளம்பறேன்னு சொல்லிட்டேன்."

"சட்டம் தெரியாம இல்லைங்க..." ஆட்டோக் கம்பியைப் பிடித்தாள். "அவர் ரெய்ஸ் பண்ணது என் காதுலயே விழல. உங்களையே பாத்துக்கினு இருந்தேன்... காலைலேர்ந்து."

"ஏறுப்பா, சீட்டெல்லாம் நனையுது!" டிரைவர் ஹாரன் அடித்தார்.

தினேஷ் ஏறினான். ஏறியும் அவளையே பார்த்தான்.

"உள்ள ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேனே, மோனிஷா... இதுக்காகத்தானே உக்காந்திருந்தேன்!"

ஆட்டோ நகர்ந்தது.